அந்த ‘ரிசால்வ்’ பட்டனைத் தொடாதீர்கள்!

புரியாத நாவலைப் பலர் சேர்ந்து படிப்பது பற்றிப் பெங்களூர் வாசகர்களிடமிருந்து கேள்விகள் நிறையச் சேர்ந்துவிட்டன. இந்த இதழில் அவற்றுக்கு மட்டும் பதில். சமையல், சம்பளம், மாமியார் எல்லாம் அடுத்த இதழில்.

அக்கா, நாங்கள் ஒன்பது பேர். எல்லோரும் பெங்களூர்தான், ஆனால் ஒருத்தர் ஒயிட்ஃபீல்ட், ஒருத்தர் எலக்ட்ரானிக் சிட்டி, இரண்டு பேர் எலஹங்கா, இன்னொருத்தர் கெங்கேரி. நேரில் சந்திக்கலாம் என்றால் பாதி ஞாயிற்றுக்கிழமை சில்க் போர்டு சந்திப்பின் நெரிசலிலேயே போய்விடும். அதனால் வாட்ஸ்அப் குழு ஆரம்பித்து சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ படிக்கத் தொடங்கினோம். யாருக்கும் பிடிபடவில்லை. ஜே.ஜே. நிஜமான மலையாள எழுத்தாளர் என்று ஒருவர் அடித்துச் சொல்கிறார், இன்னொருவர் கற்பனை என்கிறார். நடுவில் குட் மார்னிங் படங்கள், யாரோ போட்ட மாம்பழ ஆஃபர். இரண்டு பேர் சத்தமில்லாமல் குழுவிலிருந்து வெளியேறிவிட்டார்கள். எந்த ஆப்புக்கு மாறினால் சரியாகும்?
– வாசகி, ஒயிட்ஃபீல்ட்

ஆப்பை மாற்றினால் மட்டும் சரியாகாதும்மா. வாட்ஸ்அப்பில் செவ்வாய்க்கிழமை கேட்ட கேள்வி வியாழக்கிழமை மேலே எங்கோ போயிருக்கும், பதில் தெரிந்தவர் அப்போதுதான் பக்கத்தைத் திறந்திருப்பார். குழப்பம் தரும் நாவலுக்கு வேண்டியது கேள்வி அங்கேயே உட்கார்ந்திருக்கும் ஓர் இடம். அது கூகுள் டாக்காக இருக்கலாம், ஷீட்டாக இருக்கலாம், உங்கள் ஆபீஸில் வேறு ஏதாவது பழகியிருந்தால் அதுவாகவும் இருக்கலாம்.

அதற்கு முன்னால் அந்தச் சண்டையைப் பற்றி ஒரு வார்த்தை. ஜே.ஜே. கற்பனைப் பாத்திரம்தான். ஆனால் நிஜம் என்று நம்பியவரைக் கேலி செய்துவிடாதீர்கள், அவர் நாவலைச் சரியாகத்தான் படித்திருக்கிறார். முதல் வாக்கியமே என்ன சொல்கிறது? ஜோசஃப் ஜேம்ஸ் 1960 ஜனவரி 5ஆம் தேதி, 39ஆவது வயதில், ஆல்பெர் காம்யு விபத்தில் இறந்ததற்கு மறுநாள் இறந்துபோனான் என்கிறது. பிரெஞ்சு எழுத்தாளர் காம்யு கார் விபத்தில் இறந்தது 1960 ஜனவரி 4, அது உண்மை. ஓர் உண்மைத் தேதியின் பக்கத்தில் ஒரு கற்பனை மனிதனை வைத்து, அவனைப் பற்றிக் குறிப்புகள் சேர்ப்பவனாக பாலு என்ற தமிழ் எழுத்தாளனையும் நிறுத்தி, பின்பகுதியில் ஜே.ஜே.யின் டைரியையே எடுத்துக் கையில் கொடுத்தால் யார்தான் நம்பமாட்டார்கள்? ஆகவே ‘இவன் நிஜமா’ என்பதுதான் உங்கள் ஷீட்டின் முதல் வரிசையில் வர வேண்டிய கேள்வி. ‘இல்லை’ என்று ஒரு வார்த்தையில் பதில் எழுதி அதை மூடிவிடக் கூடாது. எந்த இடம் வரை நம்பினேன், எந்த இடத்தில் சந்தேகம் வந்தது என்று ஒவ்வொருவரும் அதன் கீழே எழுதட்டும். ஒன்பது பேருக்கும் ஒரே இடத்தில் சந்தேகம் வந்திருக்காது.

இப்போது ஏற்பாடு. முதலில் ஒரு கூகுள் ஃபார்ம் போடுங்கள், மூன்றே கட்டம் போதும்: எந்த இடம், என்ன சந்தேகம், உங்கள் ஊகம் என்ன. சனிக்கிழமை ராத்திரிக்குள் அவரவர் தனியாக எழுதி அனுப்பிவிட வேண்டும். பதில்கள் தானாக ஒரு ஷீட்டில் போய்ச் சேரும், அதை ஞாயிறு காலையில்தான் எல்லோருக்கும் திறந்துவிட வேண்டும். இது எதற்கு என்றால், எந்தக் குழுவிலும் அழகாகப் பேசத் தெரிந்த ஒருவர் இருப்பார். அவர் முதலில் வாயைத் திறந்தால் மற்றவர்களுக்கு அதுவரை இருந்த சந்தேகமெல்லாம் திடீரென்று அற்பமாகத் தெரியும், ‘நானும் அதையேதான் நினைத்தேன்’ என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். ஃபார்மில் அந்த வேலை நடக்காது.

இரண்டாவது, பக்க எண்ணை நம்பாதீர்கள். நாவல் முதலில் 1981-ல் க்ரியா வெளியீடாக வந்தது, அப்புறம் காலச்சுவடு பதிப்புகள். உங்களில் ஒருவரிடம் அப்பா வைத்திருந்த பழைய புத்தகம் இருக்கும், இன்னொருவர் கிண்டிலில் படிப்பார், அதில் பக்க எண்ணே ஒழுங்காக வராது. ‘பக்கம் 47 பாருங்கள்’ என்று எழுதினால் ஒன்பது பேரும் ஒன்பது இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பத்தியின் முதல் நாலைந்து சொற்களை எழுதுங்கள், அதுதான் முகவரி. பெயர்களையும் முதல் நாளே ஒரே மாதிரி எழுத முடிவு செய்துவிடுங்கள். ஒருவர் ஜே.ஜே., ஒருவர் ஜெ.ஜெ., ஒருவர் வெறும் ஜோசஃப் என்று எழுதினால் அப்புறம் கன்ட்ரோல் எஃப் போட்டுத் தேடும்போது பாதி சிக்காது.

ஷீட்டில் இன்னும் ஒரு நெடுவரிசை வையுங்கள்: ‘யார் சொல்வது?’ பாலு சொல்கிறானா, ஜே.ஜே. தன் டைரியில் சொல்கிறானா, இன்னொருவர் சொன்னதாகப் பாலு சொல்கிறானா. இந்த ஒரு நெடுவரிசையை ஒழுங்காக நிரப்பினாலே நாவலில் பாதிச் சிக்கல் எங்கே இருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஜே.ஜே.யைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி, அவனை வியந்து பார்த்த ஒருவன் சொல்லித்தான் தெரியும் என்பது சும்மா படித்துக்கொண்டே போகும்போது உறைக்காது.

விவாதத்தை டாக்கில் கமெண்ட்டாக நடத்துங்கள். உதாரணத்துக்கு ஒன்று:

“தமிழ் எழுத்தாளன் என்று தெரிந்ததும் பாலுவிடம், சிவகாமி சபதத்தை நிறைவேற்றிவிட்டாளா என்று ஜே.ஜே. கேட்கிறானே, அது கிண்டலா?”

“கிண்டலேதான். தமிழில் எழுதுகிறவன் என்றால் தொடர்கதைதானே என்கிறான்.”

“எனக்கு சிவகாமி யார் என்றே தெரியாது, சபதம் என்ன?”

“கல்கியின் நாவல். வாதாபியை மாமல்லன் எரிக்காமல் அந்த ஊரை விட்டு வர மாட்டேன் என்கிறாள். சபதம் நிறைவேறுகிறது, ஆனால் அதற்குள் மாமல்லனுக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிடுகிறது.”

“அப்படியென்றால் கேள்வி கிண்டல் மட்டும்தானா? இதைச் சொல்வது பாலு. ஜே.ஜே.யின் டைரியில் இந்தச் சந்திப்பு வருகிறதா, யாராவது தேடுங்களேன்.”

பாருங்கள், தெரியாதவர் கேட்ட கேள்விதான் இதில் திருப்பமே. அவர் வாட்ஸ்அப்பில் இதைக் கேட்டிருக்கவே மாட்டார், கூச்சப்பட்டிருப்பார்.

கடைசியாக, தலைப்பில் சொன்னது. கூகுள் டாக்கில் ஒவ்வொரு கமெண்ட்டின் ஓரத்திலும் ஒரு டிக் குறி இருக்கிறது, ‘ரிசால்வ்’. அதை அழுத்தினால் உரையாடல் பக்கத்திலிருந்து மறைந்துவிடும். அழியாது, கமெண்ட் வரலாற்றில் கிடக்கும், ஆனால் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? ஆபீஸில் ரிப்போர்ட் எழுதும்போது அது அருமையான வசதி. நாவலுக்கு ஆகாது. கதையில் இருநூறு பக்கம் தள்ளி ஒரு வரி வரும், முதல் வாரம் ‘முடிந்தது’ என்று டிக் அடித்த கேள்வி அங்கே மறுபடி தலைதூக்கும், அப்போது பழைய பேச்சு எதிரில் இருந்தால்தான் பிரயோஜனம். எழுத்துப்பிழை திருத்தினால் டிக் அடியுங்கள், கருத்துக்கு அடிக்காதீர்கள்.

வாட்ஸ்அப் குழுவைக் கலைக்க வேண்டாம். தேதி சொல்வதற்கும் மாம்பழத்துக்கும் இருக்கட்டும். வெளியே போன இரண்டு பேருக்கும் டாக்கின் லிங்க்கைத் தனியாக அனுப்பிப் பாருங்கள். அவர்கள் கோபித்துக்கொண்டது நாவலோடுதான் என்று எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் குழுவில் ஒருவர் எல்லோருக்கும் முன்னால் படித்து முடித்துவிட்டு முடிவை உளறிவிடுகிறார். என்ன செய்யலாம்?
– வாசகர், பானஸ்வாடி

டெலிகிராமில் எழுதியதை மறைத்து அனுப்பும் வசதி இருக்கிறது, தொட்டால்தான் தெரியும். அல்லது டாக்கில் ‘முழுதும் படித்தவர்கள் மட்டும்’ என்று ஒரு தனிக் கோப்பு திறந்து அவரை அங்கே குடியேற்றுங்கள். நாயகன் செத்துப்போவதை முதல் வரியிலேயே சொல்லிவிடும் நாவலை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

ஒரு நண்பர் ட்ரெல்லோ போர்டு திறந்து நாவலின் ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் ஒரு கார்டு, ‘டு டூ, டூயிங், டன்’ என்று மூன்று வரிசை, ஆளுக்கொரு டெட்லைன் என்று போட்டிருக்கிறார். ஆபீஸிலிருந்து தப்பிக்கத்தான் நாவலுக்கு வந்தோம் அக்கா.
– வாசகர், பெல்லந்தூர்

இந்த ஊரில் நாலு பேர் சேர்ந்து டீ குடிக்கப் போனாலும் ஒருத்தர் அஜெண்டா அனுப்புவார், அதை மாற்ற முடியாது. ஆனால் அவர் உழைப்பை வீணாக்காதீர்கள் தம்பி. வரிசைகளின் பெயரை மட்டும் மாற்றச் சொல்லுங்கள்: ‘புரியவில்லை’, ‘புரிந்த மாதிரி இருக்கிறது’, ‘புரிந்தது என்று நினைத்தோம், இல்லை’. கார்டு மூன்றாவதிலிருந்து முதலாவதுக்குத் திரும்பிப் போகலாம் என்று ஒரு விதியும் போடுங்கள். டெட்லைனை அவரே எடுத்துவிடுவார்.

அம்மா, எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது, அல்சூரில் இருக்கிறேன். இந்த நாவல் வந்த புதிதிலேயே படித்தவன், அப்போது இதைப் பற்றி நடந்த சண்டைகளும் நினைவிருக்கிறது. பேரன் என்னை அவனுடைய குழுவில் சேர்த்துவிட்டான். அவர்கள் டாக், ஷீட் என்கிறார்கள். எனக்கு அதில் எழுத வரவில்லை. தமிழ் எழுத்தைத் தட்டுவதற்குள் விஷயம் மறந்துபோகிறது. விலகிவிடலாமா?
– வாசகர், அல்சூர்

ஐயா, விலகவே கூடாது. புத்தகம் வந்த காலத்தில் அது எப்படி வாசிக்கப்பட்டது என்பதை அந்தக் குழுவில் நேரில் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான் இருப்பீர்கள். தட்டச்சு செய்யவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் பேரனுக்கு வாய்ஸ் நோட் அனுப்புங்கள், ஒரு நோட்டுக்கு ஒரு விஷயம், இரண்டு நிமிடத்துக்குள். அதைக் கேட்டு எழுதி டாக்கில் உங்கள் பெயரில் போடுவது அவன் பொறுப்பு. தாத்தாவைக் குழுவில் சேர்த்துவிட்டால் மட்டும் போதாது என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள். இல்லையென்றால் கூகுள் டாக்ஸிலேயே தமிழில் பேசினால் எழுத்தாக மாறும் வசதி இருக்கிறது, கம்ப்யூட்டரில் குரோம் உலாவியில் திறந்து மைக்கை அழுத்த வேண்டும். ஒற்று எல்லாம் தாறுமாறாக வரும், பெயர்களை என்னென்னவோ ஆக்கும், ஆனால் சிரித்துக்கொண்டே திருத்தலாம்.

உங்கள் வீட்டிலிருந்து பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் நடக்கிற தூரம்தான் இருக்கும். குழுவில் அந்தப் பக்கம் இருக்கிற இரண்டு மூன்று பேரையாவது மாதம் ஒருமுறை அங்கே வரச் சொல்லுங்கள். நீங்கள் பேசுங்கள், அவர்கள் போனில் எழுதட்டும். ஒரே ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்துச் சண்டைகளைச் சொல்லும்போது, எது நீங்கள் அப்போதே படித்தது, எது பிறகு கேள்விப்பட்டது என்று பிரித்துச் சொல்லுங்கள். இந்த நாவலைப் பேசும்போது அது ரொம்ப முக்கியம்.

ஏ.ஐ.யிடம் கேட்டால் ஐந்து வினாடியில் நாவலின் அர்த்தத்தைச் சொல்லிவிடுகிறது. நாங்கள் மாதக் கணக்கில் ஷீட் நிரப்பிக்கொண்டிருப்பது வேண்டாத வேலை என்கிறான் என் அண்ணன்.
– கல்லூரி மாணவி, கோரமங்களா

உங்கள் அண்ணனை நாவலின் பெயரைச் சொல்லாமல், ‘மலையாள எழுத்தாளர் ஜோசஃப் ஜேம்ஸ் எழுதிய நூல்கள் என்னென்ன’ என்று கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சில சமயம் அது சரியாக ‘அப்படி ஒருவர் இல்லை, இது நாவல் பாத்திரம்’ என்று சொல்லும். சில சமயம் ஆண்டு, பதிப்பகம் எல்லாம் போட்டு ஒரு பட்டியல் கொடுத்துவிடும். கற்பனையை நிஜம்போல எழுதியதுதான் இந்த நாவலின் வித்தையே என்பதால் இங்கே இரட்டை ஜாக்கிரதை தேவை.

ஆனால் என் பயம் தவறான தகவலைப் பற்றி அல்ல, அதையாவது சரிபார்த்துக்கொள்ளலாம். ஒருவர் ஏ.ஐ. கொடுத்த வழவழவென்ற ஒரு பத்தியைக் காலை ஒன்பது மணிக்கு டாக்கில் ஒட்டிவிட்டார் என்றால், ‘எனக்கு அந்த டைரிப் பகுதி என்னவோ செய்தது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை’ என்று எழுத இருந்த ஆள் எழுதமாட்டார். நமக்கு வேண்டியது அந்த அரைகுறை வாக்கியம்தான். அதனால் ஷீட்டில் தனியாக ஒரு டேப் வைத்து அதற்கு ‘எந்திரம் சொன்னது’ என்று பெயர் கொடுங்கள், அவரவர் கேள்வியும் ஊகமும் எழுதிய பிறகே அதைத் திறக்கலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள தவறுகளைக் கண்டுபிடிப்பதற்கென்றே ஒரு கூட்டம் போடலாம், கூகுள் மீட்டில் இலவசமாக ஒரு மணி நேரம் கிடைக்கிறது, தாராளம்.

குழுவில் எல்லோரிடமும் புத்தகம் இல்லை. ஸ்கேன் செய்து பி.டி.எஃப்.பை டிரைவில் போட்டுவிடலாமா? நமக்குள் மட்டும்தானே?
– வாசகர், மாரத்தஹள்ளி

வேண்டாம். நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம் 1957-இன்படி எழுத்தாளர் இறந்த பிறகும் 60 ஆண்டு உரிமை உண்டு. சுந்தர ராமசாமி காலமானது 2005-ல், ஆக 2065 முடியும் வரை. விமர்சனத்துக்காகச் சில வரிகளை எடுத்துக்காட்டலாம், முழுப் புத்தகத்தையும் போட முடியாது. ‘நமக்குள் மட்டும்’ என்று போட்ட லிங்க் எந்த ஊரெல்லாம் சுற்றும் என்று உங்களுக்கே தெரியும். ஒரே புத்தகத்தை இரண்டு பேர் வாரம் மாற்றி வாரம் படிக்கலாம், மெட்ரோவில் கை மாற்றிக்கொள்ளுங்கள்.

கல்கி கதை வேறு. அவர் 1954-லேயே காலமாகிவிட்டார், எழுத்துகள் நாட்டுடைமையும் ஆகிவிட்டன. சிவகாமி பகுதியை எவ்வளவு வேண்டுமானாலும் டாக்கில் ஒட்டிக்கொள்ளலாம்.

எங்கள் ஷீட்டில் கேள்விகள் ஏறிக்கொண்டே போகின்றன, பதில் வந்தது சொற்பம். எப்போது முடிந்தது என்று சொல்வது?
– வாசகி, ஜெயநகர்

உங்கள் கையில் இருப்பது எந்த வகைப் புத்தகம் என்பதைப் பொறுத்தது. உண்மையிலேயே விடை உள்ள நாவல்களும் உண்டு. ‘கெய்ன்ஸ் ஜாபோன்’ என்று ஒன்று, இங்கிலாந்தில் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக்கொண்டிருந்த எட்வர்ட் போவிஸ் மேதர்ஸ் 1934-ல் வெளியிட்டது. 100 பக்கம், வேண்டுமென்றே வரிசை கலைத்து அச்சிட்டது. சரியான வரிசையைக் கண்டுபிடித்து, ஆறு கொலைகளில் செத்தவர் யார், கொன்றவர் யார் என்று சொல்ல வேண்டும். 100 பக்கத்தை எத்தனை விதமாக அடுக்கலாம் என்று கணக்குப் போட்டால் 158 இலக்க எண் வரும், அதில் சரியானது ஒன்றே ஒன்று. அந்தக் காலத்தில் இரண்டு பேர்தான் கண்டுபிடித்தார்கள். 2020-ல், ஊரடங்கு நேரத்தில், ஜான் ஃபின்மோர் என்ற நகைச்சுவை எழுத்தாளர் கண்டுபிடித்தார். அப்படிப்பட்ட புத்தகத்துக்கு ஷீட் போட்டால் ‘டன்’ வரிசை கட்டாயம் வேண்டும், ரிசால்வ் பட்டனையும் தாராளமாக அழுத்தலாம்.

இன்னொரு கோடியில், லேசில் பிடிபடாத நாவலான ஜேம்ஸ் ஜாய்ஸின் ‘ஃபின்னகன்ஸ் வேக்’. கலிஃபோர்னியாவில் வெனிஸ் என்ற இடத்தில் ஒரு குழு 1995-ல் அதைப் படிக்கத் தொடங்கியது, நூலகத்தில் மாதம் ஒரு கூட்டம், போகப் போக ஒரு கூட்டத்துக்கு ஒரே பக்கம். கொரோனா வந்ததும் ஜூமுக்கு மாறினார்கள். கடைசிப் பக்கத்தை எட்டியது 2023-ல், 28 ஆண்டு. முடித்ததும் என்ன செய்தார்கள்? முதல் பக்கத்திலிருந்து மறுபடி ஆரம்பித்தார்கள். அந்த நாவலின் கடைசி வாக்கியம் பாதியில் நின்று முதல் வாக்கியத்தில் போய்த்தான் சேர்கிறது, அதனால் அவர்களைக் குறை சொல்ல முடியாது.

ஜே.ஜே. இந்த இரண்டுக்கும் நடுவில். தேதி, பெயர், யார் யாருக்கு நண்பர் போன்ற கேள்விகளுக்கு நாவலுக்குள்ளேயே பதில் உண்டு, அவற்றைப் பச்சை நிறத்தில் வையுங்கள். பாலு ஏன் இவ்வளவு பிரயாசைப்பட்டு இன்னொரு மொழி எழுத்தாளனின் பின்னால் போகிறான் என்பது போன்றவற்றுக்கு நிறமே வேண்டாம். பச்சை வரிசைகள் புதிதாக ஏறுவது நின்று, மற்றவற்றில் இரண்டு வாரமாக யாரும் எழுதவில்லை என்றால் முடிந்தது என்று அர்த்தம். ஷீட்டைப் ‘பார்க்க மட்டும்’ என்று மாற்றிப் பூட்டிவிடுங்கள். பதில் இல்லாத வரிசைகளை அழகு கருதி நீக்கிவிடாதீர்கள், அடுத்த குழுவுக்கு அவைதான் உபயோகப்படும்.

அடுத்து இதே மாதிரி குழப்பும் தமிழ் நாவல் ஒன்று சொல்லுங்களேன், பெங்களூர் சம்பந்தம் இருந்தால் நல்லது.
– வாசகர், ராமமூர்த்தி நகர்

தமிழவன். பெங்களூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர், அமைப்பியல் (ஸ்ட்ரக்சுரலிசம்) என்ற இலக்கியக் கோட்பாட்டைத் தமிழுக்குக் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர். அவருடைய ‘ஏற்கனவே சொல்லப்பட்ட மனிதர்கள்’ 1985-ல் வந்தது. கதை நேராகப் போகும் என்று எதிர்பார்த்து உட்காராதீர்கள். ‘யார் சொல்வது?’ நெடுவரிசையோடு ‘எப்போது நடக்கிறது?’ என்று இன்னொரு நெடுவரிசையும் சேர்த்துப் புது ஷீட் திறந்துகொள்ளுங்கள். புத்தகம் கையில் கிடைத்த பிறகு குழு ஆரம்பியுங்கள், ஆரம்பித்துவிட்டுப் புத்தகம் தேடாதீர்கள்.